கடலில் கிடப்பவர்களுக்குக் கரையில் ஒரு கல்



யாழ்ப்பாணத்தில் ஓர் அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் சைவம், இலக்கணம், கல்வி, ஊர் வரலாறு என்று பொருள் எடுப்பது மரபு. நான் ஒரு பிரித்தானியப் போர்க்கப்பலை எடுத்திருக்கிறேன். அது மட்டக்களப்புக் கரையிலிருந்து சில மைல் தொலைவில், ஐம்பது மீற்றருக்கும் அதிகமான ஆழத்தில் கிடக்கிறது. ஹேர்மிஸ் என்பது அதன் பெயர். அதோடு 307 பேர் இறந்தார்கள். அவர்களுக்கு நினைவுக்கற்கள் உண்டு. அவை இருப்பது இங்கிலாந்தில். அவர்கள் கிடப்பது தமிழ்க் கரையின் கடலில். இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் வெறுமையைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

முதலில் நடந்ததைச் சொல்கிறேன். 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு. யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. அதே நாளில் டோர்செற்ஷயர், கோர்ன்வோல் என்ற இரு பிரித்தானியக் கப்பல்கள் இலங்கைக்குத் தெற்கே நடுக்கடலில் மூழ்கடிக்கப்பட்டன. கொழும்பில் இருந்த சனம் புகையிரதத்திலும் வண்டியிலுமாக ஊர்களுக்கு ஓடியது. யாழ்ப்பாணத்துக்கும் ஏராளமானோர் திரும்பி வந்தார்கள். பலாலியில் விமானத்தளம் எழுந்ததும் அந்தப் போரின் தேவைக்காகத்தான். ஆகவே அந்தச் சித்திரை மாதம் நமக்குத் தூரத்துச் செய்தி ஆகாது. அந்தப் பயத்தின் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் இந்த மண்டபத்திலும் இருப்பீர்கள்.

அட்மிரல் நகுமோவின் தலைமையில் வந்த படையில் ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்கள் இருந்தன. நான்கு மாதங்களுக்கு முன் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கிய அதே படை. அடுத்த இலக்கு திருகோணமலை என்று தெரிந்ததும், துறைமுகத்தில் நின்ற கப்பல்களை ஏப்ரல் 8 இரவே வெளியேறச் சொன்னார்கள். ஹேர்மிசும் அதற்குக் காவலாகச் சென்ற அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பல் வம்பயரும் கரையோரமாகத் தெற்கே போயின. 9ஆந் தேதி, வியாழக்கிழமை காலை, திருகோணமலை மீது குண்டு விழுந்துகொண்டிருந்தபோது இரண்டும் மட்டக்களப்பைத் தாண்டியிருந்தன. ஒரு யப்பானிய வேவு விமானம் அவற்றைக் கண்டுவிட்டது. எதிரி கண்டுவிட்டான் என்று அறிந்ததும், திருகோணமலைச் சீனக்குடா விமானத்தளத்தின் பாதுகாப்புக்குள் வந்துவிடும்படி கட்டளை போனது. இரு கப்பல்களும் வடக்கே திரும்பின. காலை பத்தரை மணி தாண்டியதும் எண்பதுக்கும் மேற்பட்ட குண்டுவீச்சு விமானங்கள் வந்தன.

ஹேர்மிசில் அப்போது ஒரு விமானம்கூட இல்லை. விமானம் தாங்கவென்றே கட்டிய கப்பல் அது. அதன் விமானங்கள் சீனக்குடாவில் தரையிறக்கி விடப்பட்டிருந்தன. இருந்திருந்தாலும் அவை சண்டைக்கு எழும் விமானங்கள் அல்ல. டோர்ப்பிடோ சுமக்கும் பழைய இரட்டைச் சிறகு விமானங்கள். காவலுக்கு விமானம் அனுப்பும்படி கேட்டும் உரிய நேரத்தில் எதுவும் வரவில்லை. பத்து நிமிடத்துக்குள் ஏறக்குறைய நாற்பது குண்டுகள் விழுந்தன. இருபது நிமிடத்தளவில் கப்பல் இடப்பக்கம் சாய்ந்து தாண்டு போனது. தளபதி ரிச்சர்ட் ஒன்ஸ்லோ கப்பலோடு போனார். அடுத்து வம்பயரும் இரண்டாகப் பிளந்து மூழ்கியது. அதன் தளபதி மோரனும் இறந்தார். ஹொலிஹொக் என்ற சிறிய காவற்கப்பலும், எண்ணெய்க் கப்பல்கள் சிலவும் அன்று அதே கடலில் போயின.

அந்தக் காலையின் புகழ்பெற்ற படம் ஒன்று உண்டு. யப்பானிய விமானத்திலிருந்து எடுத்தது. மேற்தளம் சாய்ந்து புகையோடு ஹேர்மிஸ் மூழ்கும் படம். போர் வரலாற்று நூல்களிலெல்லாம் அதைக் காணலாம். கப்பல் முழுமையாகத் தெரிகிறது. மனிதர் ஒருவரையும் பிரித்தறிய முடியாது. போர்க்கப்பல் நினைவுச்சின்னங்களில் பெரும்பாலானவற்றுக்கும் இதே குறை உண்டு என்பது என் கருத்து. அவை இயந்திரத்தை நினைக்கின்றன. அதற்குள் இருந்த சமையற்காரனையும், எஞ்சின் அறையில் வெக்கையில் நின்றவனையும், பதினெட்டு வயதுத் தந்திப் பையனையும் நினைப்பது குறைவு.

ஹேர்மிசின் கதையை இயந்திரத்தின் கதையாகச் சொன்னாலும் சுவையாகத்தான் இருக்கும். 1918 ஜனவரியில் இங்கிலாந்தின் வடகிழக்கே, டைன் ஆற்றங்கரையில் வேலை தொடங்கினார்கள். அதற்கு முன் விமானம் தாங்கிய கப்பல்கள் எல்லாம் வேறு எதற்கோ கட்டி, பிறகு மாற்றப்பட்டவை. விமானந்தாங்கியாகவே வரைந்து தொடங்கப்பட்ட முதல் கப்பல் ஹேர்மிஸ். ஆனால் போர் முடிந்ததும் வேலை இழுபட்டது. யப்பானின் ஹோஷோ முந்திக்கொண்டு 1922இல் சேவைக்கு வந்துவிட்டது. விமானந்தாங்கி என்ற கருத்தோடு பிறந்த கப்பல், வேறு விமானந்தாங்கிகளிலிருந்து எழுந்த விமானங்களால் மூழ்கடிக்கப்பட்ட முதல் விமானந்தாங்கியாகவும் ஆனது. இதற்கு மேல் அந்த இரும்பைப் பற்றிச் சொல்ல நான் விரும்பவில்லை.

மனிதர்களிடம் வருவோம். அன்று மிதந்தவர்களைக் காப்பாற்றியது வீற்றா என்ற மருத்துவக் கப்பல். அது பிரிட்டிஷ் இந்தியா கப்பற் கம்பனிக்குச் சொந்தமானது. அந்தக் கம்பனியின் கப்பல்களில் தளத்திலும் எஞ்சின் அறையிலும் இந்தியக் கடலோடிகள் வேலை செய்வது வழமை. ஏறக்குறைய அறுநூறு பேரை அது எண்ணெய் படிந்த கடலிலிருந்து தூக்கி எடுத்துக் கொழும்புக்குக் கொண்டு போனது. செஞ்சிலுவை அடையாளத்தைக் கண்ட யப்பானிய விமானங்கள் அதைத் தொடாமல் போயின. வேறு சிலர் கரைவரை நீந்தினார்கள்.

இறந்தவர்களுக்கு என்ன செய்தார்கள்? பிரித்தானியக் கடற்படைக்கு மூன்று தாய்த் துறைமுகங்கள்: சத்தம், போட்ஸ்மத், பிளிமத். முதலாம் உலகப்போர் முடிந்ததும் ஒரு கேள்வி எழுந்தது: கடலைத் தவிர வேறு கல்லறை இல்லாதவர்களை எங்கே நினைப்பது? மூன்று ஊரிலும் ஒரே அச்சில் உயர்ந்த தூண்கள் எழுந்தன. றொபேட் லோரிமர் என்ற கட்டடக்கலைஞர் வரைந்தார். கடலில் வரும் கப்பல்கள் தூரத்திலிருந்தே கண்டு வழி அறிய உதவும் குறியாகவும் அந்தத் தூண்கள் அமைய வேண்டும் என்பது திட்டத்தின் பகுதி. எனக்கு இது மிகவும் பிடித்த சிந்தனை. இறந்த கடலோடி உயிரோடு வருபவனுக்கு வழி காட்டுகிறான். நினைவும் பயனும் ஒரே கல்லில் நிற்கின்றன. இரண்டாம் போருக்குப் பின் தூண்களைச் சுற்றி மதில்கள் எழுப்பி மேலும் பெயர்களைப் பொறித்தார்கள். ஹேர்மிசின் பெயர்களும் அங்கே இருக்கின்றன. பதவி வரிசைக்குள் அகரவரிசை. பெயருக்கு மேல் புகழுரை எதுவும் இல்லை. இறந்தவர்கள் எல்லோரும் பிரித்தானியரும் அல்லர்: கேப்டவுணுக்கு அருகே சைமன்ஸ் ரவுணில் ஹேர்மிஸ் பழுது பார்க்கப்பட்ட காலத்தில் சேர்ந்த தென்னாபிரிக்க இளைஞர்களும் அன்று இறந்தார்கள்.

இலங்கையில் திருகோணமலை நிலாவெளி வீதியில் பொதுநலவாய யுத்த மயானம் இருக்கிறது. ஒழுங்காகப் பேணப்படும் புல்வெளி, வரிசை வரிசையான வெண்கற்கள். உடல் கிடைத்தவர்களுக்கு அது இடம். உடல் கிடைக்காதவர்களுக்கு, இந்தக் கரையில், அவர்கள் மூழ்கிய நீரைப் பார்த்தபடி ஒரு கல் வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

போர்க்கப்பலை நினைக்க உலகம் பல வழிகளைக் கண்டிருக்கிறது. 1914 செப்டெம்பரில் சென்னைக்குக் குண்டு வீசிய ஜேர்மன் கப்பல் எம்டனை நீங்கள் அறிவீர்கள். சென்னை உயர் நீதிமன்ற மதிலில் அந்த இரவுக்கு ஒரு கல்வெட்டு உண்டு. அந்தக் கப்பலை நவம்பரில் கொக்கோஸ் தீவில் முடித்து வைத்தது அவுஸ்திரேலியாவின் சிட்னி. பின்னாளில் சிட்னி கப்பலை உடைத்தபோது அதன் பாய்மரத்தை எடுத்துச் சிட்னி துறைமுகத்தின் முனையில் நாட்டினார்கள். எம்டனின் பீரங்கி ஒன்று அதே நகரத்தின் பூங்காவில் நிற்கிறது. பிடித்த பீரங்கியை நிறுத்துவது வெற்றிச் சின்னம். அதைப் பார்த்துப் பெருமைப்படலாம், அழ முடியாது. எம்டனில் இறந்த ஜேர்மன் மாலுமியின் தாய்க்கு அந்தப் பீரங்கியிடம் எந்த வேலையும் இல்லை.

அதைவிட எனக்கு நெருக்கமானது டியூவில் உள்ள குக்ரி நினைவகம். 1971 டிசெம்பர் 9 அன்று இந்தியக் கடற்படையின் குக்ரி என்ற கப்பலைப் பாகிஸ்தானிய நீர்மூழ்கி ஹங்கோர் குஜராத் கரைக்கு அப்பால் மூழ்கடித்தது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் போனார்கள். தளபதி மகேந்திரநாத் முல்லா கப்பலை விட்டு இறங்கவில்லை. டியூவில் கடலைப் பார்த்த குன்றின் மேல் கண்ணாடிக் கூட்டுக்குள் கப்பலின் சிறு வடிவம் வைக்கப்பட்டிருக்கிறது. அது எந்தக் கடலில் மூழ்கியதோ அந்தக் கடலின் முன்னே நிற்கிறது என்பதே அதன் பலம். தலைநகரத்தில் எவ்வளவு பளிங்கு கொட்டினாலும் அந்தப் பலம் வராது.

ஹூட் என்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் 1941இல் 1,415 பேர் இறந்து மூவர் மட்டுமே தப்பினார்கள். அதன் மணியை 2015இல் கடலடியிலிருந்து எடுத்துப் போட்ஸ்மத் அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். கப்பலின் மற்ற எதையும் தொடவில்லை. தப்பியவர்களில் ஒருவர் உயிரோடிருந்தபோது சொல்லிப் போன விருப்பம் அது. ஒரேயொரு பொருளை எடுத்து, மிச்சத்தை அப்படியே விடுவது. இதில் ஒரு நாகரிகம் இருக்கிறது.

தமிழரிடம் இதற்கான இலக்கணம் பழையது. தொல்காப்பியப் புறத்திணையியல் நடுகல் எழுப்பும் முறையைப் படிப்படியாகச் சொல்கிறது: கல்லைத் தேர்ந்து காண்பது, எடுப்பது, நீராட்டுவது, நடுவது, படைப்பது, வாழ்த்துவது. தருமபுரி, செங்கம் பகுதி நடுகற்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இறந்தவன் இன்னான், இந்த அரசனின் இத்தனையாவது ஆட்சியாண்டில், இந்த ஊர்ப் பூசலில், இன்னது செய்து பட்டான் என்று கல் சொல்லும். ஆநிரை மீட்கப் போன சாதாரண மனிதனின் பெயர் அதில் இருக்கிறது. வீரன் கையில் வில்லும் வாளும் உண்டு. ஆனால் வாளுக்காக யாரும் கல் நடவில்லை. ஒரு கல்லில் நாயின் உருவமும் அதன் பெயரும்கூட இருக்கின்றன. திருடரைக் கடித்து நின்ற நாய் அது. போர்க்கப்பலுக்குச் சின்னம் அமைப்பவர்கள் இந்த மரபிடம் வந்து கேட்கலாம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சிக்கல் ஒன்று உண்டு. நடுகல் பட்ட இடத்தில் நிற்க வேண்டியது. கடலில் கல் நட முடியாது. கடலில் போனவனுக்கு மூழ்கிய கப்பலே கல்லறை. அந்தக் கல்லறைக்கு மதிலும் இல்லை, காவலும் இல்லை. இங்கே பேச்சைக் கொஞ்சம் நீட்டுவதற்கு அனுமதி வேண்டும். ஏனெனில் இந்தப் பொருளில் மிக அவசரமானது இதுதான்.

1941 டிசெம்பர் 10இல் மலாயாக் கரைக்கு அப்பால் பிரின்ஸ் ஒப் வேல்ஸ், றிபல்ஸ் என்ற இரு கப்பல்கள் மூழ்கின. 840 பேரின் கல்லறை அவை. பழைய இரும்பு வியாபாரிகள் அவற்றை வெடிவைத்தும் பெரிய தூக்கிகளால் பிய்த்தும் துண்டு துண்டாக எடுத்தார்கள். 2023இல் மலேசிய அதிகாரிகள் சீனக் கப்பல் ஒன்றைப் பிடித்தபோது அதில் பழைய பீரங்கிக் குண்டுகள் கிடந்தன. யாவாக் கடலில் நடந்தது இன்னும் கொடியது. 1942 பெப்ரவரியில் மூழ்கிய ஒல்லாந்தக் கப்பல்கள் டி றொய்ற்றரையும் யாவாவையும் தேடி 2016இல் சுழியோடிகள் போனார்கள். கடலடி மணலில் கப்பலின் அச்சுப் பள்ளம் மட்டும் இருந்தது. ஆயிரக்கணக்கான தொன் இரும்பும் அதற்குள் இருந்த எலும்புகளும் காணாமற் போயிருந்தன. எந்தக் குடும்பத்துக்கும் இப்படி ஒரு செய்தி போகக் கூடாது.

ஹேர்மிசின் வாழ்க்கையிலேயே இதற்கு ஒரு முன்கதை உண்டு. 1931 ஜூனில் சீனக் கடலில் பொசைடன் என்ற பிரித்தானிய நீர்மூழ்கி, வணிகக் கப்பல் ஒன்றோடு மோதி மூழ்கியது. உதவிக்கு ஓடிய கப்பல்களில் ஹேர்மிசும் ஒன்று. சிலர் தப்பினார்கள், இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த நீர்மூழ்கியைச் சீனா 1972இல் சத்தமில்லாமல் மேலே எடுத்துவிட்டது. இறந்தவர்களின் உறவுகள் அதை அறிந்தது பல பத்தாண்டுகள் கழித்து.

ஹேர்மிசை இதுவரை காத்தது ஆழமும் நம்முடைய துயரமுந்தான். பொழுதுபோக்குச் சுழியோடிகளின் வழக்கமான எல்லை 40 மீற்றர். ஹேர்மிஸ் அதற்குக் கீழே. உள்நாட்டுப் போர்க்காலத்தில் கிழக்குக் கடல் யாருக்கும் திறந்திருக்கவில்லை. 2009க்குப் பின் உலகெங்குமிருந்து தேர்ந்த சுழியோடிகள் வருகிறார்கள். பார்க்க வருபவர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்களில் பலர் அங்கே கொடி வைத்து, தலை வணங்கித் திரும்புகிறார்கள். ஆனால் ஒரு கிண்ணியை, ஒரு பித்தளைப் பூட்டை நினைவாக எடுத்துக்கொண்டு போகிறவன் கல்லறையைக் கிண்டுகிறவன்தான். கடலடி மரபுரிமைக்கான யுனெஸ்கோ உடன்படிக்கை நூறு ஆண்டுகள் நீரில் கிடந்தவற்றைப் பற்றிப் பேசுகிறது. ஹேர்மிசுக்கு அந்த நூறு 2042இல் நிறைகிறது. அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. காலித் துறைமுகத்தில் ஒல்லாந்தக் கப்பல் அவொண்ட்ஸ்ரரை ஆய்ந்த கடல்சார் தொல்லியல் அணி இந்த நாட்டில் இருக்கிறது. அந்த அறிவு கிழக்குக்கும் வர வேண்டும்.

இனி, சிலரின் மனதில் எழும் கேள்விக்கு வருகிறேன். நம்முடைய இறந்தவர்களையே நினைக்க இடமில்லாமல் தவிக்கிறோம். வெள்ளைக்காரன் கப்பலுக்கு ஏன் கல்? நியாயமான கேள்வி. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் நின்ற முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபியை 2021 ஜனவரி 8 இரவு இடித்தார்கள். மாணவர்கள் விடாமல் நின்றதால் அதே ஆண்டு ஏப்ரலில் மீண்டும் எழுந்தது. மாவீரர் துயிலும் இல்லங்கள் புல்டோசரால் உழப்பட்டன. கல்லை உடைத்தால் உயிரோடிருப்பவருக்கு எங்கே வலிக்கும் என்பதை நம்மைவிட நன்றாக அறிந்தவர் குறைவு. அதனால்தான் இதை நாமே பேச வேண்டும் என்கிறேன். பிறரின் இறந்தவர்களுக்கு இடம் கொடுப்பதால் நம்முடைய இறந்தவர்களுக்கு இடம் குறைந்துவிடாது. நம்முடைய கோரிக்கைக்கு அது வலுவே சேர்க்கும்.

தீவகத்தார் இதை அறிவார்கள். 1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகில் பயணிகள் கொல்லப்பட்டார்கள். பச்சைக் குழந்தையும் அதில் உண்டு. ஆண்டுதோறும் அந்த நாளில் நெடுந்தீவில் விளக்கேற்றிப் பெயர்களை நினைக்கிறார்கள். குமுதினியோ அதற்குப் பிறகும் அதே கடலில் சனத்தை ஏற்றி இறக்கியது. வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணியைப் பாருங்கள். வில்லியம் அல்பேட் றொபின்சன் என்ற அமெரிக்கர் அதை வாங்கி, பெயரை மாற்றினார். தண்டையல் தம்பிப்பிள்ளையும் அவரோடு போன வல்வை மாலுமிகளும் பாய்விரித்து, சுயஸ் கடந்து, அத்திலாந்திக் கடந்து 1938 ஓகஸ்டில் மசச்சூசெற்ஸ் மாநிலத்தின் குளொஸ்ரர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். கப்பலின் பெயர் மாறியது. ஓட்டியவர்களின் பெயரை ஊர் மறக்கவில்லை. சாதாரண மாலுமிக்கும் பெயர் உண்டு என்று நினைக்கும் ஊர்கள் நம்மிடம் இருக்கின்றன. இதே கடலில் 1983 முதல் 2009 வரை கடற்படையினரும், கடற்புலிகளும், அகதிகளும், தொழிலுக்குப் போன மீனவரும் இறந்தார்கள். அவர்களுக்கெல்லாம் பெயர்ப்பட்டியல் ஒருநாள் முழுமையாக எழுதப்பட வேண்டும். அந்த வேலையின் ஒரு பகுதியாகவே ஹேர்மிசைப் பார்க்கிறேன்.

நான் நினைக்கும் சின்னம் பெரியதல்ல. மட்டக்களப்புப் பாலமீன்மடுவில் 1913இல் கட்டிய வெளிச்சவீடு இருக்கிறது. அந்த வியாழக்கிழமையும் அது அங்கே நின்றது. அதன் அருகே, கடலைப் பார்த்தபடி, ஆளுயர மதில் ஒன்று. பீரங்கி வேண்டாம், கப்பலின் சிலையும் வேண்டாம். ஹேர்மிஸ், வம்பயர், ஹொலிஹொக், எண்ணெய்க் கப்பல்கள், அன்று விழுந்த யப்பானிய விமானங்கள் என எல்லாவற்றிலும் இறந்தவர்களின் பெயர்கள் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும், யப்பானியர் பெயர்கள் அவர்கள் எழுத்திலும். அன்று தாக்க வந்த ஐந்து விமானந்தாங்கிகளில் மூன்று இரண்டு மாதங்களுக்குள் மிட்வேயில் மூழ்கின. மற்ற இரண்டும் 1944இல் போயின. குண்டு போட்டவர்களில் பலரும் கடலில்தான் கிடக்கிறார்கள். மீட்புக்கு உழைத்த வீற்றாவின் பெயரும் அந்த மதிலில் இருக்க வேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். பொதுநலவாய யுத்தக் கல்லறை ஆணையகத்தின் பதிவேடு யாரும் பார்க்கக் கூடியது. ஒவ்வொருவரின் பெயர், வயது, பதவி, பல இடங்களில் பெற்றோரின் ஊர் எல்லாம் அதில் உண்டு. யாழ்ப்பாணத்திலும் கிழக்கிலும் உள்ள வரலாற்றுத் துறை மாணவர்கள் சேர்ந்து அந்த 307 பெயர்களைத் தமிழில் எழுதத் தொடங்கலாம். கூடவே, கல்லடி, பாலமீன்மடு, வாழைச்சேனை மீனவக் குடும்பங்களிடம் போய் அந்தக் காலையைப் பற்றி அவர்கள் பெற்றோரும் பேரரும் சொன்னதைப் பதிவுசெய்ய வேண்டும். இது பிந்தினால் கைநழுவும். அன்று பத்து வயதுச் சிறுவராக இருந்தவர்களுக்கு இன்று தொண்ணூறு தாண்டிவிட்டது. கல்லுக்கான காசு பிறகு வரும். பட்டியலுக்கும் பதிவுக்கும் ஒரு கொப்பியும் ஒரு கைப்பேசியும் போதும். விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் மேடைக்கு அருகே வாருங்கள். முதல் ஐம்பது பெயர்களை இன்றே பங்கிட்டுக்கொள்வோம்.